குடல் ஈஸ்ட்டால் ஆட்டிசம் வருமா? இட்லி, தயிரை நிறுத்தச் சொல்லும் டயட் பற்றி ஆய்வுகள் சொல்வது என்ன?

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் தொழிற்சாலை வட்டாரத்தில், மண்ணூர் மாதிரி ஊர்களில் வாடகை வீடு எடுத்து ஷிப்ட் வேலைக்குப் போகும் இளம் குடும்பங்கள் நிறைய. தாத்தா, பாட்டி எல்லாம் சொந்த ஊரில். குழந்தைக்கு இரண்டரை வயதாகியும் பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஆள் கிடையாது. கையில் இருப்பது போன்தான். அதில் "ஆட்டிசம்" என்று தேடினால் இரண்டாவது, மூன்றாவது வீடியோவிலேயே இந்த விஷயம் வந்துவிடும்: குழந்தையின் குடலில் ஈஸ்ட் அதிகமாகிவிட்டது, அது எதிர்ப்பு சக்தியைக் கெடுத்து மூளையைப் பாதிக்கிறது, பாலையும் கோதுமையையும் புளிச்ச மாவையும் நிறுத்தினால் பேச்சு வந்துவிடும். கூடவே சிறுநீர் டெஸ்ட், ரத்த டெஸ்ட், சப்ளிமென்ட் பாக்கெட்.

இதில் உண்மை எவ்வளவு? முழுக்கப் பொய் என்று ஒரே வரியில் முடிக்க முடியாது. அப்படி முடிக்க முடியாததால்தான் இது இவ்வளவு தூரம் பரவியிருக்கிறது. உண்மையான ஆய்வு, பாதி உண்மை, வெறும் வியாபாரம் மூன்றும் இதில் கலந்து கிடக்கின்றன. பிரித்துப் பார்க்கலாம்.

ஆட்டிசம் என்றால் என்ன?

மூளை வளரும் விதத்தில் இருக்கும் ஒரு வேறுபாடு. பேச்சு, பிறரோடு பழகுவது, ஒலி, ஒளி, தொடுதல், சுவையை உணர்வது எல்லாம் இவர்களுக்கு வேறு மாதிரி இருக்கும். தமிழில் 'மதியிறுக்கம்' என்று எழுதுகிறார்கள். புத்தி இறுகிப்போனது என்ற அர்த்தம் வருவதால் பல பெற்றோருக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை, அவர்கள் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. எனவே இங்கே ஆட்டிசம் என்றே எழுதுகிறோம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ல் உலகில் சுமார் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்தது. காரணங்களில் பெரிய பங்கு மரபணுவுக்கு. டென்மார்க், ஃபின்லாந்து, ஸ்வீடன், இஸ்ரேல், மேற்கு ஆஸ்திரேலியா ஆகிய இடங்களில் சுமார் 20 லட்சம் குழந்தைகளின் தரவை வைத்து 2019ல் வந்த ஆய்வு, மரபணுவின் பங்கு ஏறக்குறைய 80% என்றது. மீதி இடத்தில்தான் கர்ப்பகாலத் தொற்று, எதிர்ப்பு சக்தி, குடல் நுண்ணுயிரிகள் பற்றிய கேள்விகள் வருகின்றன.

ஈஸ்ட் நம் எல்லோர் வயிற்றிலும் உண்டு

ஈஸ்ட் என்பது ஒற்றைச் செல் பூஞ்சை. பேக்கரியில் ரொட்டியை உப்ப வைப்பது ஒரு வகை. நம் வாயிலும் குடலிலும் தோலிலும் இருப்பது கேண்டிடா என்ற இன்னொரு வகை. ஆரோக்கியமான ஆட்களிடமும் இது சகஜமாக இருக்கும். அதனால் "மலத்தில் கேண்டிடா இருக்கிறது" என்று ரிப்போர்ட் வந்தால், அதை மட்டும் வைத்து எந்த நோயையும் சொல்ல முடியாது.

எப்போது பிரச்சனை? நிறைய ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிறகு, கட்டுப்பாடில்லாத சர்க்கரை நோயில், கேன்சர் சிகிச்சையில், எதிர்ப்பு சக்தி ரொம்பக் குறையும்போது கேண்டிடா பெருகும். கைக்குழந்தைகளின் நாக்கில் தயிர் படிந்த மாதிரி வெள்ளையாக வருமே, அது இதன் வேலைதான். இதற்கெல்லாம் மருந்து இருக்கிறது. இதுவரைக்கும் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

ஈஸ்ட் கதை எங்கே ஆரம்பித்தது?

அமெரிக்காவில், 1980களில். சோர்வு, தலைவலி, மன அழுத்தம் என்று எதற்கும் பிடிபடாத தொந்தரவுகளுக்கு எல்லாம் குடல் ஈஸ்ட்தான் காரணம் என்று 1983ல் வில்லியம் குரூக் என்ற டாக்டர் ஒரு புத்தகம் எழுதினார். நன்றாக விற்றது. 1986லேயே அமெரிக்க ஒவ்வாமை மருத்துவர்கள் சங்கம், இது ஊகம், நிரூபிக்கப்படாதது என்று அறிக்கை விட்டது.

1990ல் நேரடியாகவே சோதித்தார்கள். 'ஈஸ்ட் பாதிப்பு' இருப்பதாகச் சொல்லப்பட்ட 42 பெண்களுக்கு ஈஸ்ட்டைக் கொல்லும் நிஸ்டாட்டின் மருந்தையும், மருந்தே இல்லாத வெறும் மாத்திரையையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். எது எப்போது என்று டாக்டருக்கும் தெரியாது, சாப்பிடுபவருக்கும் தெரியாது. பிறப்புறுப்பு அரிப்பு போன்ற, உண்மையிலேயே கேண்டிடா தொற்றால் வரும் தொந்தரவு மருந்தில் குறைந்தது. சோர்வும் மன அழுத்தமும் இரண்டிலும் ஒரே மாதிரி இருந்தன.

பெரியவர்களை விட்டு குழந்தைகளின் பக்கம் இந்தக் கதை திரும்பியது 1995ல். ஆட்டிசம் போன்ற அறிகுறிகள் உள்ள இரண்டு சகோதரர்களின் சிறுநீரில் டார்டாரிக் அமிலம், அராபினோஸ் சர்க்கரை போன்ற சில பொருட்கள் அதிகம் இருப்பதாக வில்லியம் ஷா என்ற அமெரிக்க வேதியியலாளர் ஒரு கட்டுரை வெளியிட்டார். இவை குடல் ஈஸ்ட்டிலிருந்து வரலாம் என்பது அவர் ஊகம். இன்று 'ஆர்கானிக் ஆசிட் டெஸ்ட்' என்று பெற்றோரிடம் பணம் வாங்கிக்கொண்டு எடுக்கப்படும் சிறுநீர் சோதனைக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. இரண்டே குழந்தைகள்!

இந்த டெஸ்டில் தமிழ்நாட்டுக்கு என்றே ஒரு சிக்கல் உண்டு. டார்டாரிக் அமிலம் அதிகமாக இருக்கும் உணவுகளில் முக்கியமானது திராட்சை. இன்னொன்று புளி. புளியின் புளிப்புக்கே காரணம் அதுதான். நாம் சாப்பிடும் டார்டாரிக் அமிலத்தில் ஒரு பகுதி அப்படியே சிறுநீரில் வெளியேறும். காலையில் சாம்பார், மதியம் ரசம், ராத்திரி மிச்சமிருந்த புளிக்குழம்பு என்று ஓடும் வீட்டில், குழந்தையின் சிறுநீரில் டார்டாரிக் அமிலம் இருந்தால் அது ஈஸ்ட் வேலையா, ரசத்தின் வேலையா? அராபினோஸும் அப்படித்தான், பழங்களிலிருந்தே வரலாம். ரிப்போர்ட்டில் சிவப்பு மையில் 'அதிகம்' என்று அச்சடித்து வருவதைப் பார்த்துப் பயப்படுவதற்கு முன் இதைக் கேட்க வேண்டும்.

அப்போ ஆட்டிசம் குழந்தைகளின் குடலில் வித்தியாசமே இல்லையா?

இருக்கிறது. இந்த இடத்தில்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

இத்தாலியில் 2017ல் வெளிவந்த ஆய்வில் ஆட்டிசம் உள்ள 40 பேர், இல்லாத 40 பேரின் மலத்தைச் சோதித்தார்கள். ஆட்டிசம் குழுவில் கேண்டிடாவின் சராசரி இரண்டு மடங்குக்கு மேல். கேட்கும்போது பெரிதாகத் தெரிகிறது. ஆனால் ஆளுக்கு ஆள் அளவு ரொம்ப மாறியதால், அந்த வித்தியாசத்தை உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். 2018ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில், கேண்டிடாவுக்கு எதிரான ஆன்டிபாடி ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்த்தார்கள். ஆட்டிசம் உள்ள 52 குழந்தைகளில் 19 பேருக்கு இருந்தது, மற்ற 28 பேரில் 4 பேருக்கு. 2024ல் ஹாங்காங் குழு 1,627 குழந்தைகளைச் சோதித்து, பாக்டீரியா, வைரஸ்களோடு 7 வகைப் பூஞ்சைகளின் அளவிலும் வித்தியாசம் இருப்பதாகச் சொன்னது. ஆட்டிசத்தைக் கண்டுபிடிக்க இந்த நுண்ணுயிரிகளை ஒரு அடையாளமாகப் பயன்படுத்தலாமா என்பதே அவர்களின் கேள்வி. காரணம் என்று அவர்கள் சொல்லவில்லை.

நம் பக்கத்திலும் ஒரு ஆய்வு நடந்தது. கேரள மத்தியப் பல்கலைக்கழகமும் போபால் ஐசரும் சேர்ந்து, ஆட்டிசம் உள்ள 30 இந்தியக் குழந்தைகளையும், அதே குடும்பங்களைச் சேர்ந்த 24 பேரையும் ஒப்பிட்டு 2018ல் வெளியிட்டார்கள். ஆட்டிசம் குழந்தைகளிடம் எது அதிகம் இருந்தது தெரியுமா? லாக்டோபேசில்லஸ் குடும்ப பாக்டீரியா. தயிரில் இருக்கும், 'நல்ல பாக்டீரியா' என்று புரோபயாடிக் டப்பாவில் போட்டு விற்கும் அதே கூட்டம். ஒரு நாட்டு ஆய்வில் குறைவு என்று சொன்னது இன்னொரு நாட்டில் அதிகமாக இருக்கிறது. "ஆட்டிசம் குடல்" என்று ஒரே ஒரு அச்சு இருந்திருந்தால் இப்படி வராது.

எது முதலில்? குடலா, தட்டா?

இந்தக் கேள்விக்கு உபயோகமான பதில் 2021ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. ஆட்டிசம் உள்ள 99 குழந்தைகள், அவர்களின் கூடப்பிறந்த 51 பேர், வெளியாட்கள் 97 பேர், ஆக 247 குழந்தைகளின் மலத்தையும், என்ன சாப்பிடுகிறார்கள் என்பதையும் சேர்த்தே ஆராய்ந்தார்கள். ஆட்டிசத்துக்கும் குடல் நுண்ணுயிரிகளுக்கும் நேரடித் தொடர்பு மிகக் குறைவாகவே தெரிந்தது. வலுவாகத் தெரிந்த தொடர்பு வேறு: ஆட்டிசம் உள்ள குழந்தைகள் குறைவான வகை உணவுகளையே சாப்பிடுகிறார்கள், உணவு வகை குறைந்தால் குடல் நுண்ணுயிரிகளின் வகையும் குறைகிறது.

ஆட்டிசம் குழந்தை இருக்கும் வீட்டில் இதை விளக்கத் தேவையில்லை. சூடாக இருக்கக்கூடாது, மொறுமொறுன்னு இருந்தால்தான் சாப்பிடும், வெள்ளையாக இருந்தால்தான் தொடும், கறிவேப்பிலை தெரிந்தால் தட்டே பறக்கும். வருடக்கணக்கில் தயிர்சாதமும் ஒரே கம்பெனி பிஸ்கெட்டும் என்று ஓடும். அப்படி ஓடினால் குடலில் இருக்கும் நுண்ணுயிரிக் கூட்டம் மாறத்தான் செய்யும். அதாவது, குடல் மாறியதால் ஆட்டிசம் என்பதைவிட, ஆட்டிசத்தால் சாப்பாடு மாறி, சாப்பாட்டால் குடல் மாறியது என்பதற்கே இந்த ஆய்வில் ஆதாரம் அதிகம். எல்லா ஆய்வாளர்களும் இதை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. எதிர்த்து எழுதுபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வீடியோக்களில் இந்தப் பக்கம் காட்டப்படுவதே இல்லை.

எதிர்ப்பு சக்தி எங்கே வருகிறது?

கர்ப்பகாலத்தில். தாய்க்கு அப்போது ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்குத் தொற்று வந்தால் குழந்தைக்கு ஆட்டிசம் வரும் வாய்ப்பு சற்றுக் கூடலாம் என்று டென்மார்க் தரவுகள் 2010ல் காட்டின. எலிகளிடம் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். தாய் எலியின் எதிர்ப்பு சக்தி தூண்டப்படும்போது வெளியாகும் ஒரு வேதிப்பொருள், குட்டியின் மூளை வளர்ச்சியை மாற்றுகிறது. தாயின் குடலில் இருக்கும் ஒரு பாக்டீரியாவைப் பொறுத்து இது நடக்கலாம், நடக்காமலும் போகலாம். எலியில் பார்த்தது இது. குழந்தை பிறந்து நாலு வருடம் கழித்து எதிர்ப்பு சக்தி பவுடர் கொடுத்தால் சரியாகும் என்று இதிலிருந்து யாராவது சொன்னால், ஆய்வில் இல்லாததைச் சொல்கிறார்கள்.

தமிழ்நாட்டில் நடந்த 'கருப்பு ஈஸ்ட்' ஆய்வு

இப்போது நம் ஊர் விஷயம். ஒரு பக்கம் ஈஸ்ட்டைக் கொல்லச் சொல்கிறார்கள் அல்லவா? இன்னொரு பக்கம், ஈஸ்ட்டிலிருந்து எடுத்த பொருளையே ஆட்டிசம் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு தமிழ்நாட்டில்தான் நடந்தது.

மதுரை, சென்னை ஆய்வாளர்களும் ஜப்பான் ஆய்வாளர்களும் சேர்ந்து செய்தது இது. ஆரியோபேசிடியம் புல்லுலன்ஸ் என்ற பூஞ்சையைக் கருப்பு ஈஸ்ட் என்பார்கள். அதிலிருந்து கிடைக்கும் பீட்டா குளுக்கன் என்ற நார்ச்சத்து எதிர்ப்பு சக்தியைச் சீராக்கும் என்பது இவர்களின் கருத்து. (பீட்டா குளுக்கன் காளானிலும் ஓட்ஸிலும் கூட உண்டு, வகை மட்டும் கொஞ்சம் மாறும்.) ஆட்டிசம் உள்ள 18 பேரை எடுத்துக்கொண்டார்கள். 6 பேருக்கு வழக்கமான பயிற்சியும் எல்-கார்னோசின் என்ற சப்ளிமென்ட்டும். 12 பேருக்கு அதோடு சேர்த்து தினமும் இரண்டு வேளை அரை கிராம் பீட்டா குளுக்கன். 90 நாள். 2021 முதல் அடுத்தடுத்து கட்டுரைகள் வந்தன. நடத்தை மதிப்பெண்ணில் முன்னேற்றம், தூக்கத்தில் முன்னேற்றம், குடலில் சில பாக்டீரியாக்கள் குறைந்து சில கூடின என்று எழுதினார்கள்.

இதை எப்படி எடுத்துக்கொள்வது? நம் ஊரிலேயே முறையாகப் பதிவு செய்து, எண்களோடு வெளியிட்டிருக்கிறார்கள், அது நல்ல விஷயம். இரண்டு விஷயங்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒன்று, யார் பவுடர் சாப்பிடுகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒப்பிட இருந்தது 6 பேர்தான். குழந்தை முன்னேறியிருக்கிறதா என்று சொல்லும் பெற்றோருக்கும் அது தெரியும்போது, எதிர்பார்ப்பே மதிப்பெண்ணில் ஏறிவிடும். இரண்டாவது, ஆய்வாளர்களில் ஒருவருக்கு அந்தத் தயாரிப்போடு பங்குத் தொடர்பு இருப்பதை அவர்கள் கட்டுரையிலேயே அறிவித்திருக்கிறார்கள். மறைக்கவில்லை, ஆனால் படிப்பவர் கவனிக்க வேண்டிய தகவல். முன்னோட்ட ஆய்வு என்று அவர்களே பெயர் வைத்திருக்கிறார்கள். பல நூறு குழந்தைகளிடம், யார் எதைச் சாப்பிடுகிறார் என்று தெரியாமல் சோதித்த பிறகு பேசலாம்.

"எங்க குழந்தைக்கு மாற்றம் தெரிஞ்சுதே!"

பெற்றோர் பொய் சொல்வதில்லை. மாற்றம் தெரிந்திருக்கும். ஆனால் அது எதனால் என்பதுதான் கேள்வி. இதற்கு ஒரு பழைய உதாரணம் இருக்கிறது.

செக்ரெடின் என்பது ஜீரணத்துக்கு உதவும் குடல் ஹார்மோன். வயிற்றுப் பரிசோதனைக்காக அதை ஊசி போட்ட மூன்று குழந்தைகளுக்கு ஆட்டிசம் அறிகுறிகள் குறைந்தன என்று 1998ல் அமெரிக்காவில் செய்தி வந்தது. டிவியில் வந்ததும் பெற்றோர் க்யூ கட்டினார்கள். 1999ல் 60 குழந்தைகளை வைத்து முறையான சோதனை நடந்தது. பாதிப் பேருக்குச் செக்ரெடின், பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. இரண்டு குழுவிலும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேற்றம்! உப்புநீர் ஊசி போட்ட குழந்தைகளின் பெற்றோரும் மாற்றத்தைப் பார்த்தார்கள். அதைவிட யோசிக்க வைப்பது, முடிவைச் சொன்ன பிறகும் 69% பெற்றோர் இந்த ஊசியில் ஆர்வமாகவே இருந்தார்கள்.

இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. குழந்தைகள் எப்படியும் வளர்கிறார்கள். ஆட்டிசம் குழந்தைக்கும் மூன்று மாதத்தில் புதிதாக ஏதாவது வரும். டயட் ஆரம்பித்த அன்றிலிருந்து அம்மா இன்னும் உற்றுப் பார்ப்பார், இன்னும் அதிகம் பேசுவார். ஸ்பீச் தெரபியும் அதே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். கடைசியில் பெயர் பவுடருக்குப் போகும். மோசமானால்? அதற்கும் ஈஸ்ட் பக்கம் பதில் தயாராக இருக்கிறது: ஈஸ்ட் செத்து விஷம் வெளியேறுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். நன்றானாலும் மருந்து வேலை செய்கிறது, மோசமானாலும் மருந்து வேலை செய்கிறது. தோற்கவே முடியாத வைத்தியம்!

உணவு ஒவ்வாமை டெஸ்ட்: எதை நம்பலாம்?

நூறு, இருநூறு உணவுகளின் பெயரைப் போட்டு, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று கலர் கலராக வரும் ரிப்போர்ட் பெரும்பாலும் ஐஜிஜி டெஸ்ட். ஐஜிஜி என்பது நாம் அடிக்கடி சாப்பிடும் உணவுக்கு உடல் இயல்பாகவே உண்டாக்கும் ஆன்டிபாடி. "இந்த உணவைச் சாப்பிட்டிருக்கிறாய்" என்பதற்குத்தான் அது அடையாளம். குழந்தை தினமும் பாலும் அரிசியும் சாப்பிட்டால் பாலும் அரிசியும் சிவப்பில் வரும். உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர்கள் 2008லும், கனடா மருத்துவர்கள் 2012லும் எழுதிவிட்டார்கள்.

உண்மையான உணவுப் பிரச்சனைகள் வேறு. பால் குடித்த கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் தடிப்பு, வாந்தி, மூச்சிரைப்பு வந்தால் அது ஒவ்வாமை, அதற்கு ஐஜிஇ என்ற டெஸ்ட் வேறு. பால் குடித்தால் வயிறு உப்பி, பேதியானால் லாக்டோஸ் ஜீரணமாகாத பிரச்சனையாக இருக்கலாம். கோதுமையால் குடல் உண்மையிலேயே பாதிக்கப்படும் சீலியாக் நோயும் உண்டு. ஆனால் அது தமிழ்நாட்டில் ரொம்ப அரிது. நாட்டின் மூன்று பகுதிகளில் 23,000க்கும் மேற்பட்ட பெரியவர்களைச் சோதித்து 2016ல் வந்த ஆய்வில், அந்த நோய்க்கான ஆன்டிபாடி வட இந்தியாவில் 1.23% பேருக்கு இருந்தது. தெற்கில் 0.10%. தெற்கில் அவர்கள் சோதித்த இடம் வேலூர். சந்தேகம் இருந்தால் கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே இந்த ரத்தப் பரிசோதனையை எடுக்க வேண்டும். நிறுத்திய பிறகு எடுத்தால் நோய் இருந்தாலும் தெரியாமல் போகலாம்.

இட்லியை நிறுத்தினால் என்ன ஆகும்?

கோதுமை, பால் இல்லாத டயட்டைச் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் 14 குழந்தைகளை நாலு முதல் ஆறு வாரம் அந்த டயட்டில் வைத்து, பிறகு பெற்றோருக்கும் தெரியாமல் சில நாள் கோதுமை, சில நாள் பால், சில நாள் இரண்டும், சில நாள் எதுவும் இல்லாத தின்பண்டம் கொடுத்தார்கள். தூக்கம், மலம், நடத்தை எதிலும் வித்தியாசம் தெரியவில்லை. 2016ல் வெளியான இது சின்ன ஆய்வுதான், ஆனால் கட்டுக்கோப்பானது.

பாலை நிறுத்துவதில் இழப்பும் உண்டு. 4 முதல் 8 வயதுள்ள, ஆட்டிசம் இருக்கும் 75 சிறுவர்களின் எலும்பை எக்ஸ்ரேயில் அளந்து 2008ல் வெளியிட்டார்கள். எலும்பின் தடிமன் இருக்க வேண்டியதைவிடக் குறைவு. பால் பொருட்களை நிறுத்திய சிறுவர்களுக்கு இன்னும் குறைவு.

ஈஸ்ட் டயட் இதைவிடக் கடுமை. சர்க்கரை, பழம், புளிக்க வைத்த உணவு எல்லாமே தடை. இட்லி மாவைப் பொங்க வைப்பது பெரும்பாலும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள், கூடவே கொஞ்சம் ஈஸ்ட்டும் இருக்கும். ஆவியில் வேகும்போது அவை செத்துவிடும். தட்டில் வரும் இட்லி குடலில் ஈஸ்ட்டை விதைக்காது. அமெரிக்காவில் ரொட்டிக்கும் சீஸுக்கும் எழுதிய பட்டியலை அப்படியே கொண்டுவந்து இட்லி, தோசை, தயிர், பழைய சோறு என்று ஒட்டிவிட்டார்கள்.

ஐந்தே ஐந்து உணவு சாப்பிடும் குழந்தையிடமிருந்து நாலைப் பிடுங்கினால், அது ஆறாவது உணவுக்குப் போகும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. பட்டினி கிடக்கும். பழமும் காய்கறியும் தொடாத ஆட்டிசம் குழந்தைகளுக்கு, வைட்டமின் சி குறைந்து ஈறில் ரத்தம் வந்து, நடக்க முடியாமல் போய், ஸ்கர்வி என்று கண்டுபிடிக்கப்பட்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பல வந்திருக்கின்றன. ஈஸ்ட்டுக்கு என்று மாதக்கணக்கில் கொடுக்கும் ஃப்ளூகோனசோல் போன்ற மாத்திரைகள் கல்லீரலைப் பாதிக்கலாம். டாக்டர் எழுதித் தராமல், யாரோ அனுப்பிய பட்டியலைப் பார்த்து இதை மெடிக்கலில் வாங்கவே கூடாது.

வயிற்று வலி மட்டும் நிஜம்

ஈஸ்ட்டை ஒதுக்கும் அவசரத்தில் பல டாக்டர்களும் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. 15 ஆய்வுகளைச் சேர்த்து 2014ல் பார்த்தபோது, ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு மலச்சிக்கல், பேதி, வயிற்று வலி வரும் வாய்ப்பு மற்ற குழந்தைகளைவிட 4 மடங்குக்கும் அதிகம் என்று தெரிந்தது. "ஆட்டிசம்னா அப்படித்தான் இருக்கும்" என்று அனுப்பிவிட்டால் குழந்தை வலியோடு வீட்டுக்கு வரும்.

பேச்சு வராத குழந்தை "வயிறு வலிக்குது" என்று சொல்லாது. மேசை முனையில், கட்டில் விளிம்பில் வயிற்றை அழுத்திக்கொண்டு நிற்கும். ராத்திரி திடீரென எழுந்து அழும். தலையை இடித்துக்கொள்ளும், கையைக் கடிக்கும். சாப்பிட்டவுடன் ஆத்திரம் வரும். மூன்று நாலு நாள் மலம் போகாமல் இருந்து, பிறகு ஜட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். இதைப் பேதி என்று நினைத்துப் பேதி மருந்து கொடுத்தால் சிக்கல் இன்னும் இறுகும். இப்படி இருந்தால் மற்ற குழந்தைக்குச் செய்யும் அதே வயிற்றுப் பரிசோதனையை இந்தக் குழந்தைக்கும் செய்ய வேண்டும் என்று அமெரிக்க வல்லுநர் குழு 2010லேயே சொல்லியிருக்கிறது. மலச்சிக்கல் தீர்ந்ததும் தூக்கம் வந்து, கோபம் குறைந்து, தெரபியில் கவனம் கூடும் குழந்தைகள் உண்டு. ஆட்டிசம் போய்விடவில்லை, வலி போயிருக்கிறது. ஈஸ்ட் டயட்டில் "மாற்றம் தெரிந்தது" என்று சொல்லும் சிலருக்கும், பிஸ்கெட்டும் மைதாவும் நின்று மலம் இளகியதுதான் நடந்திருக்கலாம்.

மண்ணூர் பக்கம் இருப்பவர்கள் எங்கே போகலாம்?

ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பவில்லை, விரல் நீட்டிக் காட்டவில்லை, 16 மாதத்தில் ஒரு சொல்லும் வரவில்லை, 2 வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை, வந்த பேச்சு எந்த வயதிலாவது நின்றுபோனது என்றால் காத்திருக்க வேண்டாம். "ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்" என்று ஊரில் சொல்வதைக் கேட்டு ஒரு வருடம் போனால் அந்த வருடம் திரும்ப வராது.

முதல் படி அங்கன்வாடி அல்லது ஆரம்ப சுகாதார நிலையம். 2013ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் 18 வயது வரை வளர்ச்சித் தாமதத்துக்கு இலவசப் பரிசோதனை உண்டு. அங்கிருந்து மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். பேச்சுப் பயிற்சி, ஆக்குபேஷனல் தெரபி அங்கே கட்டணமில்லை. சென்னைக்குப் போக முடிந்தால் எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. ஈசிஆரில் முட்டுக்காட்டில் இருக்கும் நிப்மெட், 2005ல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம், பல வகை மாற்றுத்திறன்களுக்குப் பரிசோதனையும் பயிற்சியும் தருகிறது. தமிழக அரசின் 'விழுதுகள்' சேவை மையங்களிலும் தெரபி கிடைக்கும். கம்பெனியில் இஎஸ்ஐ பிடித்தம் இருந்தால் குழந்தையின் வயிற்றுப் பிரச்சனைக்கு இஎஸ்ஐ டாக்டரிடமே காட்டலாம், அது குடும்பத்துக்கும் சேர்த்துத்தான்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. சான்றிதழ் வாங்கி யுடிஐடி அட்டை எடுத்தால் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். நிரமயா என்ற மத்திய அரசு காப்பீட்டில் வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை வரும், தெரபிச் செலவும் அதில் அடங்கும்.

டாக்டரிடம் போகும்போது ஒரு வாரத்துக்கு ஒரு தாளில் மூன்றே விஷயம் எழுதிக்கொண்டு போங்கள்: என்ன சாப்பிட்டது, எப்போது மலம் போனது, எப்போது அழுதது. ஷிப்ட் மாறும் வீட்டில் அம்மா பாதி, அப்பா பாதி எழுதினாலும் போதும். பேச முடியாத குழந்தைக்கு எங்கே வலிக்கிறது என்று கண்டுபிடிக்க, கலர் ரிப்போர்ட்டைவிட அந்தத் தாள் டாக்டருக்கு அதிகம் உதவும்.